தை முகூர்த்தத்துக்கு நாலு மாசம் இருக்கு. எடை குறைக்கற முயற்சி மூணாவது வாரமே விட்டுப்போகாம இருக்க என்ன வழி?

வைகறை கேட்டது:

வணக்கம். தை கடைசியில சென்னையில கல்யாணம். இன்னும் 17 வாரம் இருக்கு. வயசு 27, உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ. ஐ.டி. வேலை. மதியம் 1 மணியிலேர்ந்து ராத்திரி 10 வரை ஷிஃப்ட், பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீடு. சைவம்தான், ஆனா முட்டை சாப்பிடுவேன்.

ஆரம்பிக்கிறது எனக்குக் கஷ்டமே இல்ல. ஒரு மணி நேரம் ஜிம், ராத்திரி சாப்பாடு கட், சர்க்கரை கட்னு இறங்கிடுவேன். முதல் வாரமே எடை 2 கிலோ குறையும். ரெண்டாவது வாரம் அசையாது. மூணாவது வாரம் மழையோ, விசேஷமோ, ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸோ வந்து ரெண்டு நாள் விடும். அப்புறம் "திங்கக்கிழமையிலேர்ந்து பாத்துக்கலாம்"னு அப்படியே போயிடும். இந்தத் தடவை நடுவுல தீபாவளி இருக்கு, பத்திரிகை வைக்கிற அலைச்சல் இருக்கு, கார்த்திகையில பிளவுஸ் அளவும் கொடுக்கணும். அம்மா "கல்யாணப் பொண்ணு வாடிப்போகக் கூடாது"ங்கறாங்க. சொந்தக்காரங்க "இன்னும் கொஞ்சம் இளைக்கணும்"ங்கறாங்க. எவ்வளவு குறைக்கறது சரி? எப்படி விடாம செய்யறது?

கர்லாக்கட்டை பதில்:

வாழ்த்துகள் வைகறை. முதல்ல அந்த 2 கிலோவைப் பத்திப் பேசிடலாம், ஏன்னா உங்க ஊக்கம் உடையற இடமே அதுதான்.

அது கொழுப்பு இல்லீங்க, பெரும்பாலும் தண்ணி. நாம சாப்பிடற மாவுச்சத்துல ஒரு பங்கு கிளைக்கோஜனா ஈரல்லயும் தசையிலயும் சேந்திருக்கும். அதுல ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். சோறு, இட்லி, உப்பு எல்லாத்தையும் ஒரே நாள்ல குறைச்சா அந்தத் தண்ணி நாலஞ்சு நாள்ல வெளிய போயிடும். உண்மையான கொழுப்பு அந்த வேகத்துல குறையாது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி கணக்கு. தினம் 400 கலோரி குறைச்சா வாரத்துக்கு 350 கிராம் சொச்சம். முதல் வாரம் 2 கிலோ பார்த்தவங்களுக்கு அடுத்த வாரம் 350 கிராம்ங்கறது தோத்த மாதிரிதான் தெரியும். அதுக்கு மேல, புதுசா வெயிட் தூக்கற தசை கொஞ்ச நாள் தண்ணி பிடிக்கும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் ஒரு கிலோவுக்கு மேலகூட ஏறும். இதெல்லாம் ரெண்டாவது, மூணாவது வாரத்துல ஒண்ணா வந்து சேர்றதால மெஷின்ல எடை அசையறதே இல்ல. உள்ள கொழுப்பு குறைஞ்சுக்கிட்டுதான் இருக்கும். அதனால இதை உங்க சோம்பல்னு எடுத்துக்காதீங்க.

உங்களுக்கு வாரம் 350 முதல் 450 கிராம் போதும். 17 வாரத்துல தீபாவளி, பத்திரிகை, கடைசி ரெண்டு வாரம் எல்லாம் கழிச்சா 13 வாரம் உருப்படியா கிடைக்கும். ஆக 4 முதல் 6 கிலோ. 10 கிலோன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. எடையைத் தினமும் காலையில, கழிப்பறை போய்ட்டு வந்து, தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி பாருங்க. குறிச்சு வெச்சுட்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏழு நாள் சராசரியை மட்டும் எடுங்க. அந்தச் சராசரியையும் போன மாசம் மாதவிலக்குச் சுற்றோட அதே வாரத்தோட ஒப்பிடுங்க. தினமும் பாக்கறது மனசைக் கெடுக்குதுன்னா மெஷினைப் பரண்ல போட்டுட்டு இஞ்ச் டேப் எடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தொப்புள் மட்டத்துல இடுப்பு, பின்பக்கம் அகலமான இடம், மேல்கை. இந்த மூணு போதும்.

பயிற்சி வாரம் மூணு நாள், 35 நிமிஷம். உங்க ஷிஃப்டுக்குக் காலை 10 மணி சரியா இருக்கும். குளிக்கறதுக்கு முன்னாடின்னு முடிச்சுப் போட்டுடுங்க. "நேரம் கிடைச்சா"ன்னு விட்டா கிடைக்காது. "காபி டம்ளரைக் கழுவி வெச்சதும் பாயை விரிப்பேன்"ங்கற அளவுக்குக் குறிப்பா இருக்கணும்.

நாற்காலியில உட்கார்ந்து எழுந்துக்கற ஸ்குவாட் 10. ரெண்டு கையிலயும் 5 லிட்டர் தண்ணி கேன் பிடிச்சு, முதுகை நேரா வெச்சு, இடுப்பைப் பின்னால தள்ளிக் குனிஞ்சு நிமிர்றது 10. சமையல் மேடையில கை ஊன்றி புஷ்அப் 8. ஜன்னல் கம்பியில உடற்பயிற்சி ரப்பர் பேண்ட் மாட்டி முழங்கையைப் பின்னால இழுக்கறது 12. ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டைத் தோளிலேர்ந்து தலைக்கு மேல தூக்கறது 10. கடைசியா முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேரா தாங்கற பிளாங்க் 20 விநாடி. முதல் வாரம் எல்லாம் ஒரே சுற்று. ரெண்டாவது வாரம் ரெண்டு சுற்று, அப்புறம் மூணு. மூணு சுற்றும் 12 தடவை சுலபமா வந்துட்டா எடையை ஏத்துங்க. பாட்டில்லேர்ந்து 3 கிலோ டம்பெல், அப்புறம் 5 கிலோ.

முதல் நாளே ஆசையில அஞ்சு சுற்று பண்ணிடறதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கும். தொடை வலி அடுத்த நாளைவிட ரெண்டாவது நாள்தான் உச்சத்துக்குப் போகும். மாடிப்படி இறங்க முடியாது, அடுத்த பயிற்சி போச்சு, அதோட அந்த வாரமே போச்சு. அதனால ஒவ்வொரு சுற்றையும் "இன்னும் மூணு தடவை முடியும்"னு தோணற இடத்துலயே நிறுத்துங்க.

இனி விட்டுப்போற விஷயம். மோசமான நாளுக்குன்னு ஒரு குறைந்தபட்சம் இப்பவே எழுதி வெச்சுக்கோங்க: ஸ்குவாட், புஷ்அப், பேண்ட் மூணும் ஒரு சுற்று. மொத்தம் 8 நிமிஷம் ஆகும். தலைவலியோ ரிலீஸோ, அதை மட்டும் பண்ணிட்டாலும் காலண்டர்ல டிக் போடலாம். பழக்கம் உருவாகறதைப் பத்தி லண்டன் பல்கலைக் கல்லூரி ஆய்வு ஒண்ணு 2010-ல வெளியாச்சு. ஒரு செயல் தானா வர்ற பழக்கமா மாற நடுத்தரமா 66 நாள் ஆச்சு, ஆளைப் பொறுத்து 18 நாள்லேர்ந்து 254 நாள் வரை. அதுல முக்கியமான விஷயம், ஒரு நாள் தவறினது பழக்கத்தைக் குறிப்பிடும்படி பாதிக்கல. அதனால ஒரு நாள் போனதுக்கு அழ வேண்டாம். ரெண்டு பயிற்சி தொடர்ந்து தவறக் கூடாது, அவ்வளவுதான். திங்கக்கிழமைக்குக் காத்திருக்காம, புதன் விட்டா வியாழனே 8 நிமிஷத்தை முடிச்சுடுங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில வெளிய நடக்கறதை நம்பித் திட்டம் போடாதீங்க. கடற்கரை நடை, பூங்கா நடை எல்லாம் சென்னையில இந்த ரெண்டு மாசம் அடிக்கடி அறுந்துபோகும். மாப்பிள்ளையோட தினமும் போன்ல பேசறீங்க இல்லையா? அந்த நேரம் முழுக்க வீட்டுக்குள்ளயோ மொட்டைமாடியிலயோ நடந்துக்கிட்டே பேசுங்க. 30 நிமிஷம் தானா வந்துடும், அவரையும் நடக்கச் சொல்லுங்க. வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு, அதோட ரெண்டு நாள் தசைப்பயிற்சின்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. இந்த ஒரு ஏற்பாட்டுல அது முடிஞ்சுடுது.

கம்பங்கூழ் பதில்:

பயிற்சி பற்றி மேலே நன்றாகவே சொல்லிவிட்டார். நான் சாப்பாட்டுப் பக்கம் மட்டும் எழுதுகிறேன்.

முதல் வேண்டுகோள், ராத்திரி சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். 10 மணி வரை வேலை என்றால் ஒரு மணி வரை விழித்திருப்பீர்கள். மதியச் சாப்பாட்டிலிருந்து 11 மணி நேரம் வெறும் வயிறு என்றால் நாலு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகும் வழியில் பரோட்டாக் கடைமுன் வண்டி நிற்கும். அதை மன உறுதிக் குறைவு என்று நினைக்க வேண்டாம், பசி அப்படித்தான் வேலை செய்யும். எட்டரை மணி இடைவேளையில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மோர் அல்லது ஒரு டம்ளர் பால்.

இரண்டாவது, கல்யாணப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. கடும் பட்டினி கிடந்தால் முடி உடனே கொட்டாது. வேர்கள் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும். ஐப்பசியில் 800 கலோரியில் ஓட்டினால், பின்னலில் பூ வைக்க வேண்டிய தை மாதத்தில் சீப்பு நிறைய முடி வரும். மிக வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் வரலாம், மாதவிலக்கும் தள்ளிப்போகலாம். நாளுக்கு 1,400 முதல் 1,500 கலோரிக்குக் கீழே நீங்கள் போக வேண்டிய தேவையே இல்லை.

புரதம் உங்கள் எடைக்கு நாளுக்கு 80 முதல் 100 கிராம் வேண்டும். தசை கரையாமல் காப்பதும் பசியை அடக்குவதும் அதுதான். சைவத்தில் முடியாது என்பார்கள், முடியும். காலை இரண்டு இட்லி, இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கெட்டி சாம்பார் சேர்ந்தால் 20 கிராம். மதியம் வெந்த சோறு 150 கிராம், கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், தயிர் 150 கிராம், ஊறவைத்துப் பிழிந்து பொரியலில் சேர்த்த மீல்மேக்கர் 30 கிராம், இவை சேர்ந்து 30 கிராம். மீல்மேக்கரை ஊறவைக்கும் முன் எடை போடுங்கள். மாலை 50 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல், ஒரு டம்ளர் பால், 16 கிராம். இரவு இரண்டு சப்பாத்தி, 100 கிராம் பன்னீர், 24 கிராம். மொத்தம் 90. காய் மதியமும் இரவும் சோற்றைவிட அதிகமாகத் தட்டில் இருக்கட்டும்.

எங்கே குறைப்பது? எண்ணெயில். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. தாளிக்க ஒன்று, பொரியலுக்கு ஒன்று, தோசைக்கு இரண்டு என்று கண்ணுக்குத் தெரியாமல் 500 போய்விடும். தினமும் அளப்பது யாருக்கும் நடக்காது. மாதக் கணக்காக வையுங்கள். ஒருவருக்கு மாதம் 600 மில்லி, நாலு பேர் வீட்டுக்கு 2.4 லிட்டர். மாத முதல் தேதியில் தனி டின்னில் ஊற்றி வைத்துவிட்டால் பதினைந்தாம் தேதி டின்னைப் பார்த்தாலே புரிந்துவிடும். அடுத்தது காபி. மூன்று வேளையும் இரண்டிரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 120 கலோரி. சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தினால் திட்டமே போய்விடும். பத்து நாளைக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி என்று இறக்குங்கள்.

அம்மாவை எதிர்க்கட்சியில் உட்கார வைக்காதீர்கள். "குறைச்சுச் சாப்பிடறேன்" என்றால் பயப்படுவார்கள். "சாயங்காலம் சுண்டல் வேணும், காலையில ரெண்டு முட்டை வேணும், எண்ணெய் டின் உங்க பொறுப்பு" என்று கேளுங்கள். தட்டில் உணவு கூடுவதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

பத்திரிகை வைக்கும் நாள். ஒரு நாளில் ஆறு வீடு, வீட்டுக்கு ஒரு காபி, ஒரு லட்டு, ஒரு கைப்பிடி மிக்சர். வீட்டுக்கு 250 கலோரி வைத்தாலே 1,500. எதுவும் வேண்டாம் என்றால் பெரியவர்கள் மனசு சங்கடப்படும். குறிப்பாக ஒன்றைக் கேட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை. உட்கார்ந்த உடனே, பால் அடுப்பில் ஏறும் முன், "அத்தை, வெயில்ல வந்தது, மோர் இருந்தா ஒரு டம்ளர் கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஸ்வீட்டில் ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு மீதியை "அம்மாவுக்குக் கொண்டுபோறேன்" என்று காகிதத்தில் வாங்கிக்கொள்ளலாம். கிளம்பும் முன் வீட்டில் முட்டையோ தயிர்சாதமோ வயிறாரச் சாப்பிட்டிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

கடைசியாக ஒரு பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி இவற்றை இந்த வாரமே பாருங்கள். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் படியேறினாலே மூச்சு வாங்கலாம், காலையில் பாயை விரிக்கவே தோன்றாமல் போகலாம். அதை ஊக்கப் பேச்சால் சரி செய்ய முடியாது, மருத்துவரிடம் போக வேண்டும். குறைவாக இல்லாவிட்டாலும் காபி, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது.

ஊசிநூல் பதில்:

பிளவுஸ் பத்தி நான் சொல்றேன். "இன்னும் இளைப்பேன், ரெண்டு இஞ்ச் குறைச்சே தைங்க"ன்னு சொல்லிடாதீங்க. அந்த நிமிஷத்திலேர்ந்து கல்யாணம் வரைக்கும் அந்தத் துணி உங்களை மிரட்டிக்கிட்டே இருக்கும். பயத்துல சாப்பாட்டை விடுவீங்க, மேல சொன்ன கதையெல்லாம் ஆரம்பிச்சுடும். அளவு கொடுக்கற அன்னைக்கு உடம்பு எப்படி இருக்கோ அதுக்கே தைக்கச் சொல்லுங்க. தைச்சதைப் பிடிச்சுக்கறது சுலபம்.

ஆரி வேலைன்னா துணியில அளவு வரைஞ்சு, வேலைப்பாடு முடிச்சு, அப்புறம்தான் வெட்டித் தைப்போம். கழுத்து, முதுகு, கை ஓரம் எல்லாம் கல்லும் ஜரியும் வந்துட்டா அங்க கை வைக்க முடியாது. சரி பண்ண முடியற இடம் பக்கவாட்டுத் தையலும் கையோட அடித்தையலும் மட்டும்தான். அதனால ரெண்டு விஷயம் கேளுங்க. பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் துணி உள்ள விடணும். கையில அக்குள் பக்கத் தையலை ஒட்டி ரெண்டு புறமும் ஒரு இஞ்ச் வேலைப்பாடு இல்லாம விடணும். அதுல வேலைப்பாடு ஏறிட்டா பிடிக்கும்போது கல் உதிரும், ஊசி உடையும்.

அளவை மாதவிலக்குக்கு முந்தின வாரம் கொடுக்காதீங்க, முடிஞ்ச அடுத்த வாரம் கொடுங்க. கடைசி டிரயல் கல்யாணத்துக்கு 10 நாள் முன்னாடி. அன்னைக்குப் போடப்போற அதே உள்ளாடையோட வாங்க. மாலை போடற மாதிரி ரெண்டு கையையும் தூக்கிப் பாருங்க, தரையில சம்மணம் போட்டு உட்காருங்க. கை தூக்கினா பிளவுஸ் மொத்தமும் மேல ஏறுச்சுன்னா அக்குள் வெட்டு ரொம்ப இறக்கமா இருக்குன்னு அர்த்தம். பக்கத்தைப் பிரிச்சு விட்டா அது சரியாகாது, அப்பவே தையல்காரர்கிட்ட சொல்லிடணும். அப்புறம், உடம்பு எப்படி மாறுதுன்னு பாக்கறதுக்குக் கல்யாண பிளவுஸைப் போட்டுப் பாக்காதீங்க. இப்போ கொஞ்சம் பிடிப்பா இருக்கற பழைய சுடிதார் டாப் ஒண்ணை மாசம் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

வைகறை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கே போறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். கடைசி ரெண்டு வாரம் என்ன பண்ணணும்? மாதவிலக்குத் தேதி முகூர்த்தத்தோட மோதுது, தள்ளிப்போட மாத்திரை போட்டா எடை ஏறும்ங்கறாங்களே? திட்டம் இப்படிப் போட்டிருக்கேன்: செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை 10 மணி. சரியா?

கர்லாக்கட்டை பதில்:

மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்துதான் போடணும். ரத்தம் உறையற பிரச்சினை, கடும் ஒற்றைத் தலைவலி, ஈரல் கோளாறு இருந்தா மறைக்காம சொல்லுங்க, சிலருக்கு அது ஆகாது. வயித்து உப்புசம், மார்பு கனம் வரலாம், ஒரு கிலோ ஏறினா அது தண்ணிதான். ஒரு மாசம் முன்னாடியே போய்ப் பேசிடுங்க. கடைசி நேரத்துல மருந்துக்கடையில கேட்டு வாங்காதீங்க. பிளவுஸ் பக்கத்துல இருக்கற அந்த ஒன்றரை இஞ்ச் இதுக்கும் உதவும்.

கடைசி ரெண்டு வாரம் எடை குறைக்கற வேலை முடிஞ்சாச்சு. புதுப் பயிற்சி எதுவும் சேர்க்காதீங்க. கடைசி முழுப் பயிற்சி கல்யாணத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி, அதுக்கப்புறம் 8 நிமிஷப் பயிற்சி மட்டும். உப்பை நிறுத்தறது, தண்ணியை நிறுத்தறது, நீராவி அறையில உட்கார்றது எதுவும் வேண்டாம். விடியக்காலை முகூர்த்தம், ஹோமப் புகை, பட்டுப்புடவைச் சூடு, வெறும் வயிறு, அதோட உடம்புல தண்ணியும் இல்லன்னா மயக்கம் வந்துடும். விரதம் உண்டுன்னா பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கலாமான்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க.

எடையை விட்டுட்டு, அன்னைக்கு உடம்பு என்ன செய்யணும்னு பாருங்க. மணையில முக்கால் மணி நேரம் சம்மணம் போடணும், புடவையோட எழுந்துக்கணும், அம்மியில கால் வைக்க ஒரு கால்ல நிக்கணும், ரிசப்ஷன்ல நாலு மணி நேரம் நிக்கணும். இதுக்கெல்லாம் இப்பவே பழகலாம், வாராவாரம் முன்னேற்றமும் கண்ணுக்குத் தெரியும். எடை அசையாத வாரத்துல இதுதான் உங்களைத் தாங்கும். ராத்திரி டப்பாவைத் தவிர மத்த வேளைச் சாப்பாட்டைத் தரையில உட்கார்ந்து சாப்பிடுங்க. 10 நிமிஷத்துல ஆரம்பிச்சு மார்கழிக்குள்ள 40 நிமிஷம் வரணும். எழுந்துக்கும்போது முதல்ல ஒரு கை ஊன்றலாம், அப்புறம் விரல் நுனி, அப்புறம் கையே இல்லாம. குதிகால் தூக்கறது 15 தடவை மூணு சுற்று, பல் தேய்க்கும்போது ஒரு கால்ல 30 விநாடி. ரிசப்ஷன் செருப்பைத் தை பிறந்ததும் வாங்கி வீட்டுல தினம் அரை மணி நேரம் போடுங்க. மேடையில முட்டியைப் பின்னால பூட்டி நிக்காம லேசா தளர்த்தி, கால் மாத்தி மாத்தி நில்லுங்க.

நாள் திட்டத்துல ஒரு மாற்றம். ஞாயிறு வேண்டாம், கார்த்திகைக்கு அப்புறம் எல்லா ஞாயிறும் பத்திரிகைக்கும் புடவைக் கடைக்கும் போயிடும். செவ்வாய், வியாழன், சனி வெச்சுக்கோங்க. சனிக்கிழமை தவறினா ஞாயிறு காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அந்த 8 நிமிஷம்.